ஸ்டேப்ளர் அடித்த பக்கங்கள்

கல்லாவுக்குப் பின்னால் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள். இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சுங்கை பூலோவில் என் மச்சான் கார் கழுவும் கடை போட்டிருக்கிறான். இனிமேல் என் கையில் தண்ணீர்க் குழாய்தான், புத்தகம் கிடையாது. புத்தகங்கள் நிம்மதியாக இருக்கும்.

"போறதுக்கு முன்னால இதுங்களுக்கு உருப்படியா ஏதாச்சும் சொல்லிட்டுப் போடா" என்றார் முதலாளி ஆன்டி. பில் மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எந்த அலமாரியில் கரையான் வரும் என்பதையெல்லாம் அவரே சொல்லித் தருவார். கத்தித்தான் சொல்லித் தருவார், பழகிக்கொள்ளுங்கள். நான் படிவம் மூன்றோடு, அதாவது பதினைந்து வயதிலேயே, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் தங்கச்சி திருத்திக்கொள்ளட்டும், அவள்தானே பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். தம்பி, நீ முதலில் அந்தப் போனைக் கீழே வை.

இந்தக் கல்லாவில் உட்கார்ந்தால் வாரத்துக்குப் பத்துப் பேராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "தம்பி, இந்தப் புக்க எம்பொண்ணு படிக்கலாமா?"

கேட்பது அம்மாவாக இருக்கும், கையில் பூக்கடையில் வாங்கிய மல்லிகைப் பொட்டலம் இருக்கும். பக்கத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பெண் நிற்பாள். அந்தக் கேள்வி வந்தவுடன் அவள் தலையைத் தூக்கி நம் மின்விசிறியைப் பார்ப்பாள். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பார்க்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இவ்வளவு பக்தியோடு பார்க்கப்படும் மின்விசிறி வேறு எங்கும் இல்லை.

அம்மாக்கள் தாங்களே சோதனையும் போடுவார்கள். அட்டையில் குத்துவிளக்கு இருந்தால் பாஸ். அட்டையில் பெண்ணின் தலைமுடி காற்றில் பறந்தால் பெயில். சில பேர் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டுவார்கள். அங்கே தாலி ஏறிவிட்டால் நடுவில் என்ன நடந்திருந்தாலும் பரவாயில்லை. குத்துவிளக்கு அட்டைக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலைமுடி பறக்கிற அட்டைக்குள்ளே பாதி நேரம் மாமியார் சண்டைதான். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு தடவை மட்டும் ஒரு அம்மாவிடம், "நீங்களே முதல்ல படிச்சுப் பாருங்களேன் ஆன்டி" என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர் தனியாக வந்து அதே மாதிரி இன்னும் மூன்று கேட்டார். மகளுக்கு முதல் புத்தகமே இன்னும் போய்ச் சேரவில்லையாம்.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அம்மாக்களைப் பற்றி இல்லை. ஒரு அப்பாவைப் பற்றி.

அவரை நான் லோரி அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். கிள்ளானில் வீடு. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஆள் பார்ப்பதற்கு அந்த லோரி மாதிரியே இருப்பார். குரல் ஹார்ன் மாதிரி. அவருக்கு ஒரே மகள், லோஷினி. படிவம் நான்கு படிக்கிறாள், புத்தகப் பைத்தியம். அங்கிளின் மனைவி சின்ன வயதில் மலாய்ப் பள்ளியில் படித்தவர்; தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அதனால் அந்த வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மகள் படிக்கும் மலாய்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் அம்மா சோதிப்பார். தமிழ்ப் புத்தகம் அப்பா இலாகா.

அப்பாவின் இலாகா எங்கே நடக்கும் தெரியுமா? துறைமுக வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில். கண்டெய்னர் இறக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், போனில் படம் பார்ப்பார்கள். நம் ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டீரிங் மேல் குடும்ப நாவலை விரித்து வைத்துப் படிப்பார். சரக்குக் காகிதங்களைச் சேர்த்து அடிப்பதற்கு லோரியில் ஒரு பெரிய ஸ்டேப்ளர் வைத்திருந்தார். கதையில் ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடித்தால் போதும், உடனே புத்தகத்தை நிமிர்த்தி, அங்கேயிருந்து அந்த அத்தியாயம் முடிகிற வரைக்கும் உள்ள பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, டக் டக் டக்.

அப்படிப் பின் அடித்த புத்தகத்தைத்தான் மகள் படிப்பாள். பிரிக்க மாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நம் கடையில் 'மாத்து' உண்டு அல்லவா? படித்து முடித்ததைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் காசு சேர்த்து வேறு ஒன்று எடுத்துப் போகலாம். அங்கிள் மாத்துக்குக் கொண்டுவரும் புத்தகம் எல்லாம் பின்னோடுதான் வரும். முதல் தடவை பார்த்தபோது நான் கேட்டேன்.

"என்னா அங்கிள் இது, புக்குக்கு ஆப்பரேஷன் பண்ணித் தையல் போட்டு வச்சிருக்கீங்க?"

"புக்கு நல்ல புக்குதான் தம்பி. அங்கங்க கொஞ்சம் வழுக்குது."

"வழுக்கி எங்க விழறாங்கன்னு பாத்தீங்களா?"

"பாக்கவா? அந்த எழவ நான் எதுக்குப் படிக்கிறேன்? கையப் புடிச்சான், மூடிட்டேன்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாம இருக்கத்தான லா பின் அடிக்கிறது!"

காது இரண்டும் சிவந்துவிட்டது மனிதருக்கு. பக்கத்து லோரிக்காரர்கள் அவரை 'சென்சார் போர்டு' என்று கூப்பிடுவார்களாம். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார்.

மாத்துக்கு வந்ததை அலமாரியில் வைக்க வேண்டும் என்றால் பின்னைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவது என் வேலை. பிடுங்கினால் கண் சும்மா இருக்குமா? நான் ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ஆனால் லோரி அங்கிள் பின் அடித்த பக்கங்களை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். முன்னாலும் பின்னாலும் என்ன கதை என்று தெரியாது. எத்தனையோ பேர் மழையில் நனைந்தார்கள், ஏன் நனைந்தார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். எந்தப் பின்னும் அசைந்திருக்காது. ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்த மடிப்புகூட இருக்காது. பதினாறு வயதில் அப்படி ஒரு பிள்ளை. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பிரித்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆன்டி பந்திங் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும். லோஷினி தனியாக வந்தாள். அது புதிது இல்லை. அங்கிளுக்கு வேலை இருந்தால் அவளே ரயிலேறி வருவாள். நம் கடைக்கு என்றால் விடுவார்கள். ஒரு வீட்டில் தைரியமாகப் பிள்ளையைத் தனியாக அனுப்புகிற இடமாக நம் கடை இருக்கிறது என்பதை நீங்கள் மறக்கவே கூடாது.

புத்தகத்தைக் கல்லாவில் வைத்தாள். அதில் வழக்கத்தைவிடக் கனமான பின் கட்டு.

"என்னா லா, லிப்ஸ்டிக்லாம் பலமா இருக்கு? யாரு கல்யாணம்?"

சிரிக்கவில்லை. போனைப் பார்த்தாள்.

"சரி, மாத்துக்கு எது எடுக்குற?"

"ஏதாச்சும் குடுங்கண்ணே."

"ஏதாச்சும்னா? சமையல் புக்கு குடுக்கவா?"

"குடுங்க."

இந்தப் பெண் ஒரு புத்தகம் எடுக்க நாலு அலமாரியையும் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிறவள். நான் திட்டிக்கொண்டே அடுக்குவேன். அவள் சமையல் புத்தகத்துக்குச் சரி என்கிறாள்.

இங்கே கவனியுங்கள். நான் போலீஸ் மாதிரி, "எங்கே போகிறாய், யாரோடு போகிறாய்" என்று கேட்டிருந்தால் அவள் அப்படியே வெளியே போயிருப்பாள். எனக்குத் தெரிந்தது கிண்டல்தான், அதைத்தான் செய்தேன்.

"ஃப்ரெண்டுக்காக வெயிட்டிங்கா?"

"ம்."

"ஃப்ரெண்டு மீச வச்சிருக்குமா?"

சிரித்துவிட்டாள். சிரித்ததும் சொல்லிவிட்டாள். சொல்லத்தான் யாராவது கிடைப்பார்களா என்று இருந்திருக்கிறாள் போலிருக்கிறது.

போனில் தொடர்கதை படிக்கிற ஒரு குழுவில் அவன் பழக்கம். இருபத்தேழு வயது. நேரில் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இவள் எழுதுகிற கருத்துக்கெல்லாம் அழகாகப் பதில் போடுவானாம். இன்றைக்குக் காரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம். அம்பாங் பக்கம் மலையில் ஏறினால் கே.எல். நகரம் முழுவதும் தெரியுமாம்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"புக்கு மாத்தப் போறேன்னு சொன்னேன். பொய் இல்லையே, மாத்திட்டேன்தானே?"

"அவன் என்னா சொன்னான், வீட்ல சொல்லுன்னா, சொல்லாதன்னா?"

"அப்பா தப்பா நெனச்சுக்குவாரு, இப்ப வேணாம்னு சொன்னாரு." பிறகு அவளே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "இந்தக் கதையிலகூட அவ வீட்ல சொல்லாமத்தான் அவன் கார்ல ஏறுறா அண்ணே. ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்ல ஏறுறா, அவன் கையப் புடிக்கிறான், அப்புறம் அப்பா பின் அடிச்சிட்டாரு. பின்னு முடிஞ்சு அடுத்த சாப்டர்ல அவ பேங்க்ல வேல பாக்குறா. அவங்கப்பா மோட்டர்ல கொண்டு போய் விடுறாரு. நல்லாத்தான் இருக்கா."

"அவன்?"

"அவன் அதுக்கப்புறம் வரல. அதான் கொஞ்சம் புரியல."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா படிக்காமல் மூடிவிட்டார். மகள் சத்தியத்துக்காகப் பிரிக்கவில்லை. புத்தகம் இப்போதுதான் பின்னோடு திரும்பி வந்திருக்கிறது, நானும் படித்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியாது. அதை நம்பி இவள் காரில் ஏறப் போகிறாள். அவள் அப்பா அனுப்பியது கடைக்கு, காருக்கு இல்லை.

கையைப் பிடித்து நிறுத்த நான் அண்ணன் இல்லை. கடைக்காரன். அப்பாவுக்கு உடனே போன் போட்டால் அவள் வாசலைத் தாண்டிவிடுவாள். அதனால் முதலில் நேரம் வாங்கப் பார்த்தேன்.

"சரி, அவர உள்ள வரச் சொல்லு. குடிக்க தே தாரிக் வாங்கித் தரேன். பெரிய வாசகர் வேற, கடையப் பாத்துட்டுப் போகட்டும்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. போனில் தட்டினாள். பதில் வந்தது.

"பார்க்கிங் இல்லையாம்."

"பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங்கா? இங்க யாருமா பார்க்கிங்ல நிப்பாட்டுறா? சாமி ஊர்வலமே டபுள் பார்க்கிங்லதான் நிக்குது. சும்மா போட்டுட்டு வரச் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் தட்டினாள். நான் புத்தகத்தையும் பின் பிடுங்கும் கருவியையும் அவள் பக்கம் தள்ளினேன்.

"அதுவரைக்கும் இந்தப் பின்னப் புடுங்கு. பின்னோட மாத்து எடுக்க மாட்டோம்."

"எப்பவும் நீங்கதான புடுங்குவீங்க?"

"இன்னிக்குக் கை வலி."

"அப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் அண்ணே."

"புடுங்கத்தான் சொன்னேன். படிக்கச் சொன்னேனா?"

பின் ஒவ்வொன்றாகக் கல்லாவில் விழுந்தது. பக்கங்கள் பிரிந்தன. பிரிந்ததும் அவள் கண் சும்மா இருக்குமா? என் கண்ணே இருந்ததில்லை.

நின்றபடியே படித்தாள். இரண்டு பக்கம் போனதும் முகம் சிவந்து, தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் போகுது அண்ணே" என்றாள் குறும்பாக.

செத்தேன் என்று நினைத்தேன். உள்ளே முழுவதும் வழுக்கல்தான் என்றால், நானே வழியனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடுமே! அலமாரியை அடுக்குவது போல் திரும்பிக்கொண்டு, பாக்கெட்டில் இருந்த போனில் அங்கிளின் நம்பரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். வாசலில் கால் வைத்தால் அழுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அப்புறம் அவள் இந்தக் கடைக்கு வராமல் போனாலும் பரவாயில்லை.

திரும்பிப் பார்த்தேன். குறும்பு போய்விட்டிருந்தது. வாசிக்கும்போது அவளுக்கு உதடு அசையும், அதுகூட நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அண்ணே, இவன் கேக்குறான், யாருகூட இருக்க, யாருகிட்டச் சொன்னன்னு."

"ம்."

"எம்மேல நம்பிக்கை இல்லையான்னு கேக்குறான்."

"யாரு, புக்குல உள்ளவனா, வெளியில உள்ளவனா?"

"ரெண்டு பேரும்."

இந்த ஒரு வரியை இவன்கள் எல்லாம் எந்த டியூஷனில் படிக்கிறான்களோ தெரியவில்லை.

பிறகு அங்கிள் வருவதற்குள் நானும் படித்துவிட்டேன்; கதையில் நடந்தது இதுதான். அவன் கையைப் பிடிக்கிறான். அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். பிறகு, நாம் இரண்டு பேரும் இருக்கும்போது இது எதற்கு என்று அவள் போனை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொள்கிறான். போவதாகச் சொன்ன இடத்தைத் தாண்டிக் கார் போகிறது. நிறுத்து என்றால் சிரிக்கிறான், நம்பிக்கை இல்லையா என்கிறான். சிவப்பு விளக்கில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கிவிடுகிறாள். ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே அப்பாவைக் கூப்பிடுகிறாள்.

லோஷினி அந்த இடம் வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்கப்பாவ நீ கூப்புடுறியா, நான் கூப்புடட்டுமா?"

"வேணாம் அண்ணே. கொன்னுடுவாரு."

"அம்மாவ?"

"அம்மா அவருகிட்ட சொல்லிடுவாங்க." புத்தகத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, "நீங்க கூப்புடுங்க. நான் பேச மாட்டேன்" என்றாள்.

கூப்பிட்டேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். பிள்ளை கடையில் இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள், காரில் ஒருவன் வரச் சொல்லியிருக்கிறான், அவள் போகவில்லை. இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும், தம்பி. 'பத்திரமாக' என்பதைக் கடைசியில் வைத்தால் லோரி ஓட்டுகிற மனிதன் நடுவிலேயே எங்கேயாவது மோதிவிடுவான்.

கத்தினார் பாருங்கள். போனைக் காதில் வைக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாவில் வைத்துவிட்டேன். என்னைத் திட்டினார். புத்தகம் எழுதினவர்களைத் திட்டினார். கண்டெய்னரைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, லோரியின் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் காவலாளியைத் திட்டினார். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்காரர்களை எல்லாம் பார்த்து, "ஒதுங்குடா! எம்பொண்ணுடா!" என்றார். அவர்களுக்கு என்ன தெரியும் பாவம். போனை மட்டும் வைக்கவே இல்லை. கடை முழுவதும் அங்கிளின் குரல். லோஷினி முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் குலுங்கியது. போகப்போகக் குலுங்கவில்லை.

நடுவில் ஒரு சாம்பல் நிறக் கார் கடைக்கு முன்னால் மெதுவாகப் போனது. பார்க்கிங் இல்லை என்றவனுக்கு எதிரிலேயே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. நான் வாசலில் போய் நின்று, கார் நம்பரைப் படம் எடுத்தேன். எடுப்பது தெரியும்படியே எடுத்தேன். கார் வேகம் எடுத்துப் போய்விட்டது.

கடைசியில் லோரி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மதியம் கண்டெய்னர் லோரியின் தலையை டபுள் பார்க்கிங் போட்ட முதல் மனிதர் எங்கள் அங்கிள்தான். பின்னால் ஒரே ஹார்ன். அவர் கதவைத் திறந்து குதித்து உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு கல்லாவில் சிதறிக் கிடந்த பின்களைப் பார்த்தார்.

"யாரு பிரிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "நான்தான்பா."

"சத்தியம் பண்ணுன இல்ல?"

"பண்ணுனேன். நீங்க இதப் படிச்சீங்களாப்பா?"

"எதுக்குப் படிக்கணும்? அவன் கையப்…" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"படிங்கப்பா."

"வீட்டுக்குப் போயிப் பேசலாம்."

"இங்கயே படிங்க. வீட்டுக்குப் போனா நீங்க கத்துவீங்க, நான் ரூமுக்குப் போயிடுவேன்."

அங்கிள் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் படித்து முடிக்கிறதுக்குள் உங்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் மெதுவாகத்தான் படிப்பார்.

பிள்ளை இதைப் படிக்கலாமா என்று உங்களிடம் கேட்டால், 'நல்ல புக்கு', 'கெட்ட புக்கு' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். காதல் இருக்கிறது, முத்தம் இருக்கிறது, ஒருவன் ஏமாற்றுகிறான், அவள் எப்படித் தப்பிக்கிறாள் என்று இருக்கிறது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு இந்த வயதில் இது வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தால் அது அவர் உரிமை, வேறு எடுத்துக் கொடுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். தங்கச்சி, இது உனக்குத்தான், நீ சுளிக்கிறாய். ஆனால் பாதியைக் கொடுத்து பாதியை மூடுகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மூடுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள் என்று. அவர்கள் வெட்கப்படுவார்கள். கொஞ்சம் கிண்டல் பண்ணுங்கள், சரியாகிவிடும்.

அந்த நம்பர் படத்தை வைத்து மறுநாள் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் போய் போலீஸில் புகார் கொடுத்தார்கள். அங்கிள் இப்போதும் துறைமுக வரிசையில் நாவல் படிக்கிறார். கையைப் பிடிக்கிற இடம் வந்தால் மகளிடம் பேசுகிறாராம். காது சிவந்துகொண்டே பேசுகிறாராம். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் அந்தப் பக்கங்களை லோஷினிதான் வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறாளாம். அந்த நேரத்தில் அங்கிள் வாசலில் போய் லோரிக்குக் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். வீட்டு வாசலில் லோரியே இருக்காது, அது வேறு விஷயம்.

சரி, அவர் முடிக்கப் போகிறார்.

அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வந்ததும் அங்கிளின் விரல் நின்றது. பஸ் ஸ்டாப்புக்குக் கதாநாயகியின் அப்பா வருகிற இடம். அவர் ஒன்றுமே கேட்க மாட்டார். மகள் அழுது அழுது எல்லாவற்றையும் சொல்வாள். அவர், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். எனக்கு அந்த அப்பா கொஞ்சம் ஓவர் நல்லவராகத் தெரிந்தார். சொல்லவில்லை.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதயா நான் பின் அடிச்சு வச்சேன்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

லோஷினி முக்காலியை விட்டு எழவில்லை. "அப்பா, நான் கார்ல ஏறிப் போயிருந்து, அங்கேருந்து உங்களக் கூப்புட்டிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார். அதில் இருக்கிறதைச் சொல்லிவிட்டுப் போகலாம், ஒரு வார்த்தைதான். நானாக இருந்தால் அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இந்த மாதிரிலாம் எனக்கு வராதுமா. கத்தியிருப்பேன்."

"தெரியும்."

"ரொம்பக் கத்தியிருப்பேன். உன்னயும் திட்டியிருப்பேன்." வெளியே யாரோ கையை எடுக்காமல் ஹார்ன் அடித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆனா கத்திக்கிட்டே வந்திருப்பேன் லா. எங்க இருந்தாலும்."

"அதான் கேட்டேனே, வழி பூரா" என்றாள் லோஷினி.

எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார், எடுக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். நான் வெளியே போய், வரிசையாக நின்ற கார்க்காரர்களிடம், "பாஸ், ரெண்டு நிமிசம், பொண்ணு ஏறிக்கட்டும்" என்று கும்பிட்டுச் சொன்னேன்.